கொழும்பில் சரி, கந்தப்பளையில் பிழை: ஒரு டபுள் கெப்பின் போர்வீல் லைட் பற்றிய நிகழ்வு ஆய்வு

வாகனம், நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஓடும் மிட்சுபிசி எல்200 டபுள் கெப். 4டி56 டீசல் எஞ்சின், மெனுவல் கியர், 2எச் (பின் சில்லு மட்டும்), 4எச் (நான்கு சில்லும்), 4எல் (நான்கு சில்லும், மெதுவான கியர்) என்று லீவரால் மாற்றும் ஈசி செலக்ட் போர்வீல் (நான்கு சில்லுக்கும் இழுவை கொடுக்கும் அமைப்பு). டிரைவர் சொன்ன முறைப்பாடு இது:

“போர்வீல் போட்டா முன்னுக்கு ரெண்டு வீல் லைட்டும் விட்டு விட்டு எரியுது பாஸ். காலையில தான் கூட. கொழும்புக்குக் கொண்டு போனா ஒன்னுமே இல்ல, நல்லா விழுது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அதுவரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் பார்த்த இடத்தில் டிரான்ஸ்பர் பொக்ஸில் (எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) உள்ள சுவிட்ச் ஒன்றும் முன் அச்சில் உள்ள பிரீவீல் சுவிட்சும் மாற்றப்பட்டிருந்தன. லைட் அப்படியே இருந்தது. அடுத்ததாக டிரான்ஸ்பர் பொக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பொக்ஸில் எந்தக் குறையும் இருக்கவில்லை. பிரித்திருந்தால் வீண் செலவோடு கேஸ்கட், ஒயில் சீல் எல்லாம் புதிதாக ஒழுகும் வாய்ப்பும் சேர்ந்திருக்கும்.

லைட் என்ன சொல்கிறது

இந்த மொடலில் மீட்டர் போர்டில் சின்ன வாகனப் படம் ஒன்று இருக்கும். பின் சில்லுகளுக்கான லைட் எப்போதும் எரியும். 4எச்சுக்குப் போட்டதும் முன் சில்லு லைட்டுகள் சில வினாடி விட்டுவிட்டு எரிந்து, பிறகு நிலையாக எரியும். விட்டுவிட்டு எரிவது “பழுது” என்ற அறிவிப்பு அல்ல. “மாறச் சொல்லியிருக்கிறேன், மாறியாகிவிட்டது என்ற பதில் இன்னும் வரவில்லை” என்பதே அதன் பொருள். அந்தப் பதில் எங்கே தங்கிப்போனது என்று தேடுவதுதான் வேலை.

லீவரை 4எச்சுக்குத் தள்ளியதும் டிரான்ஸ்பர் பொக்ஸுக்குள், முன் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் முன் புரொப்லர் ஷாப்ட் இணைகிறது. பொக்ஸ் சுவிட்ச் அதைக் கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்கிறது. யூனிட் சொலனொயிட் வால்வுகளை (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்) இயக்க, வெக்கியூம் முன் அச்சில் உள்ள அக்சுவேட்டருக்கு (வெக்கியூமால் ஒரு தண்டை நகர்த்தும் பகுதி) போகிறது. அக்சுவேட்டரின் தண்டு ஒரு போர்க்கைத் தள்ள, போர்க் கொலரை (உள்ளே பல்லுள்ள வளையம்) நகர்த்தி, நீளமான அச்சுக் குழாய்ப் பக்கத்து ஷாப்டை டிபரன்ஷலோடு (சக்தியை இடது, வலது சில்லுகளுக்குப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி) இணைக்கிறது. கொலர் முழுதாக விழுந்த, அதாவது பல்லோடு பல் கோர்த்துக்கொண்ட, பிறகுதான் பிரீவீல் சுவிட்ச் மூடி, லைட் நிலைக்கிறது.

கொலர் விழாவிட்டால் முன் புரொப்லர் ஷாப்ட் சுழன்றாலும் முன் சில்லு இரண்டுக்கும் இழுவை கிடைக்காது. டிபரன்ஷல் தனக்கு எளிதான பக்கத்துக்கே சக்தியைக் கொடுக்கும்; இணைப்பில்லாத பக்கம் சும்மா சுற்றும். அதாவது லீவர் 4எச்சில், டிரைவரின் மனதிலும் போர்வீல், ஆனால் வாகனம் பின் சில்லில் மட்டுமே ஓடுகிறது. மழை நாளில் கொழுந்து ஏற்றிக்கொண்டு மண் பாதையில் இறங்கும்போது இது என்ன செய்யும் என்று மலைநாட்டில் வாகனம் ஓட்டுபவருக்கு விளக்கத் தேவையில்லை.

கருவி எடுக்குமுன்

டயரைப் பார்க்காமல் போர்வீல் லைட்டைத் தொடக் கூடாது. ஈசி செலக்டில் நடு டிபரன்ஷல் கிடையாது. 4எச்சில் முன், பின் ஷாப்டுகள் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். முன் டயர் புதிது, பின் டயர் தேய்ந்தது என்றால், ஆரத்தில் 3 மி.மீ. வித்தியாசம் கூட ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 மீட்டர் உருளல் வித்தியாசமாகும். மண்ணில் அது சறுக்கித் தீரும். காபட் (தார்) ரோட்டில் தீர வழியில்லாமல் பற்சக்கரங்களுக்குள் முறுக்காகத் தங்கும். அந்த முறுக்கு இருக்கும்வரை 2எச்சுக்குத் திருப்பினாலும் கொலர் கழராது, லைட் விட்டுவிட்டு எரியும். காபட் ரோட்டில் 4எச் போட்டபடி ரம்பொடை வளைவுகளை ஏறினாலும் இதே கதைதான்: வளைவில் முன் சில்லு பின் சில்லை விடக் கூடுதல் தூரம் ஓடுகிறது. நேர்ப் பாதையில் கொஞ்சம் ஓட்டியோ இரண்டு மூன்று மீட்டர் ரிவர்ஸ் எடுத்தோ லைட் சரியாகிவிட்டால் அது பழுது அல்ல, முறுக்கு.

டயரை அளக்கத் தரையில் சோக்கட்டிக் கோடு போதும். டயரின் அடியில் தரையிலும் டயரிலும் ஒரே இடத்தில் குறியிட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, நாடாவால் அளக்க வேண்டும். காற்று அமுக்கத்தை நான்கிலும் சரிசெய்த பிறகே அளக்கலாம். இந்த வாகனத்தில் நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம். முறுக்கு விலக்கப்பட்டது.

லீவரின் அடி ரப்பருக்குள் மண் இறுகி, லீவர் முழுத் தூரம் போகாமல் நிற்பதும் உண்டு. அதுவும் இங்கே இல்லை.

பொக்ஸா, முன் அச்சா

பொக்ஸை இறக்குவதற்கு முன் கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய சோதனை இது. மேட்டு நிலத்தில் சமதளம் தேடுவதே பாதி வேலை. ஆனாலும் சமதளம் கட்டாயம். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சில்லு இரண்டையும் ஜெக்கால் தூக்கி ஸ்டேண்டில் நிறுத்த வேண்டும். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. இந்த நிலையில் கியரில் போட்டு எஞ்சினை ஓட்டவே கூடாது; பின் சில்லு தரையில் இருப்பதால் வாகனம் ஸ்டேண்டை விட்டுப் பாயும்.

எஞ்சினை நிறுத்தி, லீவரை 4எச்சில் வைத்து, கியரை முதலாம் கியரில் போட்டு, முன் புரொப்லர் ஷாப்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பல்லிடைவெளி அளவு அசைந்து நின்றால் பொக்ஸ் இணைந்திருக்கிறது. சுதந்திரமாகச் சுற்றினால் மட்டுமே பொக்ஸையும் லீவரையும் சந்தேகப்படலாம். இங்கே ஷாப்ட் இறுகி நின்றது.

அடுத்து அதே நிலையில் ஒரு முன் சில்லை முன்னோக்கிச் சுற்ற வேண்டும். கொலர் விழுந்திருந்தால் மறு பக்கச் சில்லு பின்னோக்கிச் சுற்றும். விழாவிட்டால் மறு சில்லு அசையாது. எஞ்சின் நின்றிருக்கும்போது வெக்கியூம் குறைந்துகொண்டே போகும் என்பதால், கை வெக்கியூம் பம்பை அக்சுவேட்டரின் இணைக்கும் பக்கக் குழாயில் நேரடியாகப் பொருத்தியே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். மறு பக்கக் குழாயைக் கழற்றித் திறந்து விட வேண்டும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்கலாம். சில்லைச் சற்று அசைத்தால் “டக்” என்று விழும்.

இந்த வாகனத்தில் 10 இன்ச்சில் அசைவே இல்லை. 15 இன்ச்சில் கொலர் விழுந்தது, மறு சில்லு எதிர்ப்பக்கம் சுற்றியது. (இங்கே இன்ச் என்பது வெக்கியூம் மீட்டர் காட்டும் பாதரச அங்குலம்.) கொலரின் பற்கள் நல்லவை, போர்க் முறியவில்லை, டயபிரம் (அக்சுவேட்டருக்குள் உள்ள ரப்பர் சவ்வு) ஓட்டையில்லை என்பது ஒரே சோதனையில் தெரிந்தது. ஆனால் தண்டு இவ்வளவு இறுக்கமாக நகர்வது நல்லதல்ல. இந்த 15 என்ற எண்ணை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

மலையில் வெக்கியூம் ஏன் மெலிகிறது

டீசல் எஞ்சினில் இன்லட் (காற்று உள்ளே போகும்) பக்கம் பயன்படக்கூடிய வெக்கியூம் கிடையாது. 4டி56இல் ஒல்டர்னேட்டரின் பின்னால் உள்ள பம்ப்தான் அதை உண்டாக்குகிறது. வெக்கியூம் என்றாலே “இழுப்பது” என்று பேசுகிறோம். உண்மையில் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தம். டயபிரமின் ஒரு பக்கக் காற்றைப் பம்ப் எடுத்துவிட, மறு பக்கக் காற்று அதைத் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றழுத்தம் 29.9 இன்ச். நுவரெலியா நகரம் இருக்கும் 1868 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 24 இன்ச் மட்டுமே. அதனால் எவ்வளவு நல்ல பம்பாலும் நுவரெலியாவில் 24க்கு மேல் காட்டவே முடியாது.

கொழும்பில் 26 இன்ச் காட்டும் ஆரோக்கியமான பம்ப், கண்டியில் 24.5, ஹட்டனில் 22, நுவரெலியாவில் 21 அளவில் நிற்கும். கொழும்பு அளவை 0.8ஆல் பெருக்கினால் நுவரெலியாவில் எதிர்பார்க்க வேண்டிய அளவு வரும். ஹட்டன், பண்டாரவளை உயரத்துக்கு 0.86 சரியாக இருக்கும். கைநூலில் உள்ள அளவுகளை இப்படி மாற்றாமல் ஒப்பிட்டால் இரண்டு விதமாகவும் தவறலாம். மேலே 21 காட்டும் நல்ல பம்பை “வீக்” என்று தூக்கிப் போடலாம். கீழே 21 காட்டும் தேய்ந்த பம்பை, மலையில் அதே எண்ணைப் பார்த்துப் பழகியதால், நல்லது என்று விட்டுவிடலாம்.

அக்சுவேட்டர் தள்ளும் விசையும் அதே விகிதத்தில்தான் குறைகிறது. கொழும்பில் 10 கிலோ விசையால் தள்ளும் அக்சுவேட்டர் நுவரெலியாவில் 8 கிலோவால்தான் தள்ளும். எல்லாம் சரியாக இருக்கும் வாகனத்தில் இது தெரியாது, ஏனெனில் தண்டு நகர அதில் பாதி போதும். ஹோஸில் ஒரு வெடிப்பும் தண்டில் கொஞ்சம் துருவும் சேரும்போதுதான் அந்தக் குறை முகத்தைக் காட்டும்.

அளவுகள்

டி இணைப்பு ஒன்றால் மீட்டரைப் பம்பின் வாயில் போட்டுப் பார்த்தபோது, ஐட்லில் (எக்சிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ஒரு நிமிடத்துக்குப் பிறகு 20.5. கந்தப்பளை உயரத்துக்கு அது சரியான அளவு. ஒல்டர்னேட்டர் பெல்ட் இறுக்கமும் சரி. பெல்ட் வழுக்கினால் சார்ஜும் குறையும், வெக்கியூமும் குறையும். பெட்டரி லைட்டும் போர்வீல் லைட்டும் சேர்ந்து வந்தால் முதலில் பெல்ட்டைத்தான் தொட வேண்டும்.

அடுத்து, பம்ப் உண்டாக்கும் வெக்கியூமைச் சேமித்து வைக்கும் வெக்கியூம் டேங்கின் வெளி வாயில். காலை ஏழு மணிக்கு, எஞ்சின் குளிராக இருந்தபோது 14.5. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு 16. பம்பில் 20.5, டேங்கில் 14.5 என்றால் இடையில் 6 இன்ச் தொலைகிறது. பழுது இருக்கும் இடம் இப்போது ஒரு முழம் ஹோஸுக்குள் சுருங்கிவிட்டது.

தண்டு நகர 15 வேண்டும். காலையில் கிடைப்பது 14.5, லைட் விட்டுவிட்டு எரிகிறது. பகலில் 16, எப்படியோ விழுகிறது. இதே கசிவோடு கொழும்பில் ஏறத்தாழ 18 கிடைக்கும். தயக்கமே இல்லாமல் விழும். டிரைவர் சொன்ன மூன்று விஷயமும் ஒரே கணக்கில் பொருந்தின.

கசிவைத் தேடும்போது சிலர் பழக்கத்தில் சவர்க்கார நீரை எடுப்பார்கள். அமுக்கக் கசிவுக்குத்தான் அது உதவும். வெக்கியூம் கசிவில் நுரையை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், குமிழ் வராது. சரியான வழி, ஹோஸை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துக் கை பம்பைப் போட்டு 18 இன்ச் ஏற்றி ஊசியைப் பார்ப்பது. டேங்க் மட்டும்: பத்து நிமிடம் அசையவில்லை. சொலனொயிட்டுக்குப் போகும் ஹோஸ்: நின்றது. அக்சுவேட்டரின் இரண்டு அறையும்: நின்றன. பம்புக்கும் டேங்குக்கும் இடையே உள்ள ஒருவழி வால்வும் அதன் டேங்க் பக்க ரப்பர் முழங்கையும்: ஊசி கண்முன்னே இறங்கியது.

முழங்கையைக் கழற்றாமல் பார்த்தால் நல்லதாகவே தெரிந்தது. பெருவிரலால் மெல்ல வளைத்தபோது, வால்வின் கழுத்தை ஒட்டி, அடிப்பக்கத்தில் நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. குளிர்ந்த ரப்பர் இறுகிச் சுருங்கும்போது அந்த வாய் திறந்தே இருந்திருக்கிறது. எஞ்சின் சூட்டில் ரப்பர் இளகியதும் பாதி மூடியிருக்கிறது.

வால்விலும் குறை இருந்தது. பம்புக்கு எஞ்சின் ஒயில் போகிறது. அதன் புகை பல வருடமாக ஏறி, வால்வின் உட்புறத்தில் கறுப்புப் பசையாகப் படிந்திருந்தது. வாயால் ஊதிப் பார்த்தால் போக வேண்டிய திசையிலும் காற்று சிரமப்பட்டே போனது. வால்வு தாராளமாக விட்டிருந்தால் அந்தச் சின்ன வெடிப்பைப் பம்ப் ஈடுகட்டியிருக்கும். வெடிப்பு இல்லாவிட்டால் அடைத்த வால்வோடும் டேங்க் மெதுவாகவேனும் நிறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் 6 இன்ச் போனது.

சொலனொயிட்டும் சுவிட்சும்

சொலனொயிட் இரண்டுக்கும் 4எச்சில் 12 வோல்ட் வருகிறதா, இக்னிஷன் போட்டு லீவரை மாற்றும்போது “டிக்” சத்தம் கேட்கிறதா, சுருளின் தடை 40 ஓம் அளவில் இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. மூன்றும் சரி. ஹோஸ்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி அடையாளம் போட வேண்டும். இரண்டு சொலனொயிட்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும். குழாய் மாறினால் 2எச்சில் கொலர் விழும், 4எச்சில் கழரும். மாறிப் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அக்சுவேட்டர் முனையில் மீட்டரைப் போட்டுப் பார்க்கலாம்: 2எச்சில் ஒரு ஹோஸில் வெக்கியூம், மற்றதில் ஒன்றுமில்லை, 4எச்சில் அப்படியே மாற வேண்டும்.

டிரைவர் கேட்டதற்குச் சொன்ன இன்னொரு விஷயம், 2எச்சுக்குத் திருப்பிய பிறகும் சில நேரம் லைட் அணையத் தாமதமாகிறது என்பது. அதற்குக் காரணம் சொலனொயிட்டின் காற்று வாயில் உள்ள சின்ன ஸ்பொஞ்ச் மூடி. ஒரு அறைக்கு வெக்கியூம் போகும்போது மறு அறைக்குள் வெளிக்காற்று வர வேண்டும். ஸ்பொஞ்சில் மண் அடைத்தால் பழைய வெக்கியூம் உள்ளேயே சிக்கி, தண்டை எதிர்ப்பக்கம் பிடித்து வைத்திருக்கும். மூடியைக் கழற்றி, சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் காய வைத்துப் போட்டதும் அந்தத் தாமதம் போனது. பெற்றோலில் கழுவினால் ஸ்பொஞ்ச் கரைந்து தூளாகும்.

சுவிட்சைப் பொறுத்தவரை, கை பம்பால் கொலரை விழ வைத்து, மல்டிமீட்டரால் தொடர்ச்சி பார்த்தாலே போதும். புதிதாகப் போட்ட சுவிட்ச் சரியாகவே வேலை செய்தது. கழற்றப்பட்ட பழைய சுவிட்சும் மேசையில் வைத்து அழுத்திப் பார்த்தபோது சரியாகவே வேலை செய்தது. மிட்சுபிசி டிரான்ஸ்பர் பொக்ஸில் சுவிட்ச் கழற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது, அடியில் உள்ள சிறிய இரும்புக் குண்டு. சுவிட்சோடு சேர்ந்து அது வழுக்கி விழுந்து புல்லுக்குள் போனால், புதுச் சுவிட்ச் போட்டும் லைட் வராது. காந்தத்தால் எடுத்து ஒரு மூடிக்குள் போட்டு வைக்க வேண்டும்.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. மலிவான ஓபிடி ரீடர்கள் (வாகனக் கணினியில் பதிவான பழுதுக் கோட்களைப் படிக்கும் கருவிகள்) எஞ்சின் கோட் மட்டுமே படிக்கும். போர்வீல் யூனிட் வேறு. அந்த ரீடர் “கோட் இல்லை” என்று காட்டியதை வைத்து வயரிங் நல்லது என்ற முடிவுக்கு வரக் கூடாது.

தண்டு ஏன் இறுகியது

வெடிப்பை மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால் லைட் அன்றைக்கே நின்றிருக்கும். ஆனால் 15 இன்ச் கேட்கும் தண்டு அடுத்த மழைக்காலத்தில் 18 கேட்கும். அதனால் முன் அச்சு ஒயில் வடிக்கப்பட்டது. பால் தேநீர் நிறத்தில் இறங்கியது: தண்ணீர் கலந்திருக்கிறது.

தண்ணீர் வந்ததற்குக் காரணம் பிரீதர், அதாவது அச்சுக்குள் காற்று போய்வரும் துளை. அச்சு ஓடிச் சூடாகும்போது உள்காற்று விரிந்து பிரீதர் வழியே வெளியேறும். சூட்டோடு ஓடைக்குள் இறங்கினால் அச்சு சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் மண்ணால் அடைத்திருந்தால் வேறு வழியின்றி ஒயில் சீலின் விளிம்பால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தோட்டப் பாதைகளில் இது வழமையான சம்பவம். இந்த வாகனத்தின் பிரீதர் மூடி கையால் திருகவே முடியாதபடி செம்மண்ணில் உறைந்திருந்தது.

அக்சுவேட்டரைக் கழற்றி, போர்க் தண்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது, நகரும் பகுதியில் துருப் புள்ளிகள். 600 நம்பர் எமரித் தாளில் ஒயில் தொட்டு, துரு மட்டும் போகும் அளவுக்குத் தேய்க்கப்பட்டது. ஆழமாகத் தேய்த்தால் சீல் விளிம்பு உட்காராது, ஒயில் கசியும். புது ஓ ரிங், புது சீல். கொலரின் பற்களில் முனை மழுங்கல் லேசாக இருந்தது, மாற்றத் தேவையில்லை. லைட் விட்டுவிட்டு எரியும்போதே வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தால் பாதி விழுந்த கொலர் “கர கர” என்று உரசி, அந்த முனைகள் முழுதாக உருண்டுபோகும். பிறகு வெக்கியூம் நன்றாக இருந்தாலும் பாரம் ஏறியதும் கழன்று குதிக்கும்.

ஒயில், ஜீஎல்-5 தரத்தில் கைநூல் சொல்லும் தடிப்பில், நிரப்பும் துளையில் வழியும்வரை. கொள்ளளவு ஒரு லீட்டருக்குச் சற்று மேல். தண்ணீர் புகுந்த அச்சுக்கு ஒரு முறை ஒயில் போதாது: புதிதாக ஊற்றி, சில நாள் ஓட்டி, சூடாக இருக்கும்போதே மறுபடி வடித்து நிரப்ப வேண்டும். மூலை முடுக்கில் தங்கிய ஈரம் அப்போதுதான் வரும். முதலில் நிரப்பும் துளையின் பிளக்கைத் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். மேல் பிளக் துருவில் இறுகி நின்றால் வடித்த அச்சுக்கு ஒயில் ஊற்ற வழியிருக்காது.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எண்ணெய் தாங்கும், தடித்த சுவருள்ள வெக்கியூம் ஹோஸ் வேண்டும். மெல்லிய ஹோஸ்களுக்கு 4 மி.மீ. உள்விட்டம் பெரும்பாலும் பொருந்தும், ஆனாலும் பழையதை வெட்டி அளந்து வாங்குவது நல்லது. மீன் தொட்டிக் குழாய், சேலைன் குழாய் போடுவது பல இடங்களில் நடக்கிறது. எஞ்சின் சூட்டில் அவை முதலில் இளகிச் சப்பையாகும், பிறகு கண்ணாடிபோல் இறுகி வெடிக்கும். பெட்ரோல் பைப்பை விடச் சிலிக்கன் ஹோஸ் அழகாக இருந்தாலும், பம்ப் பக்கம் ஒயில் புகை வருவதால் அந்த இடத்துக்கு அது ஏற்றதல்ல. இங்கே முழங்கையும் ஒருவழி வால்வும் புதிதாகப் போடப்பட்டன. வால்வின் அம்புக்குறி பம்பை நோக்கி இருக்க வேண்டும்.

திருத்திய பின் அளவுகள்: பம்பில் 20.5, டேங்கில் 20, கொலர் விழும் அளவு 9. அடுத்த நாள் விடிகாலை, பனி இறங்கியிருக்கும் நேரத்தில், எஞ்சின் குளிராக இருக்கும்போதே மண் பாதையில் நின்ற நிலையிலும் 20 கி.மீ. வேகத்திலும் 2எச்சிலிருந்து 4எச்சுக்கு மாற்றிப் பார்க்கப்பட்டது. இரண்டிலும் லைட் மூன்று வினாடிக்குள் நிலைத்தது. பழுது எந்த நேரத்தில், எந்த இடத்தில் வந்ததோ அங்கேயே சோதிக்க வேண்டும். இந்த வாகனம் கொழும்பில் சோதிக்கப்பட்டபோதெல்லாம் பாஸாகியே வந்திருக்கிறது.

வயரை ஷோர்ட் பண்ணுவது

பிரீவீல் சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் லைட் நிலையாக எரியும். பல வாகனங்களில் இது செய்யப்பட்டிருக்கிறது. இந்த வாகனத்துக்கும் அப்படியொரு யோசனை சொல்லப்பட்டிருந்தது. இதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. கொலர் விழாமலே “விழுந்தது” என்று லைட் சொல்லும். அதை நம்பி டிரைவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு சறுக்கும் பாதையில் இறங்குவார். சோதனைக்காக ஷோர்ட் பண்ணிப் பார்ப்பது வேறு: அப்போது லைட் நிலைத்தால் வயரும் யூனிட்டும் நல்லது என்று தெரியும். பார்த்த உடனேயே பிரித்துவிட வேண்டும். பழைய வாகனம் வாங்குபவர்கள் சுவிட்ச் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கலாம். 4எச்சில் கழற்றியும் லைட் விட்டுவிட்டு எரியாவிட்டால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது.

இதோடு ஒட்டிய இன்னொன்று பிரேக். அதே பம்ப்தான் பிரேக் சர்வோவுக்கும் (பெடல் மிதிப்பதை எளிதாக்கும் பகுதி) வெக்கியூம் கொடுக்கிறது. சர்வோவுக்குத் தனி ஒருவழி வால்வு இருப்பதால் இந்த வாகனத்தில் பிரேக் பாதிக்கப்படவில்லை. ஆனால் பம்பிலேயே அளவு குறைந்திருந்தால் போர்வீல் லைட் அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக வைத்து, மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டும். பெடல் தானாகச் சற்றுத் தாழ வேண்டும். தாழாவிட்டால் போர்வீல் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிரேக்கை முதலில் பார்க்க வேண்டும்; அந்த வாகனம் மலைப் பாதையில் இறங்கக் கூடாது.

மற்ற மொடல்களில்

பட்டன் அல்லது திருகு சுவிட்சால் மாற்றும் வாகனங்களில் டிரான்ஸ்பர் பொக்ஸை ஒரு மின் மோட்டர் மாற்றுகிறது. அங்கே முதல் சந்தேகம் பெட்டரி வோல்ட், மோட்டர் கனெக்டருக்குள் தண்ணீர், பச்சைத் துரு. மோட்டரே போய்விட்டது என்று முடிவு கட்டுமுன், மாற்றும் கணத்தில் கனெக்டரில் வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். 4எல்லுக்கு வாகனம் முழுதாக நின்று, நியூட்ரலில் இருக்க வேண்டும். சிலவற்றில் பிரேக் அல்லது கிளச் மிதித்திருக்க வேண்டும். கிளச் பெடல் சுவிட்ச் பழுதாகி 4எல் லைட் விட்டுவிட்டு எரிவதும் நடக்கும். புதிய ஹைலக்ஸ்களில் லைட் நிற்காவிட்டால் நேராக ஓட்டி வேகத்தைக் கூட்டிக் குறைத்தோ ரிவர்ஸ் எடுத்தோ பார்க்கும்படி கைநூலே சொல்கிறது. பழைய டி-மெக்ஸிலும் முன் அச்சு வெக்கியூமில் இணைவதால் மேலே சொன்ன உயரக் கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.

இந்த எல்200இல் இனிக் கவனிக்க வேண்டியது முன் அச்சு ஒயிலின் நிறம். 1000 கி.மீ. ஓடிய பிறகு நிரப்பும் பிளக்கைத் திறந்து விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் பிரீதர் ஒன்றே காரணம். மறுபடி வெளுத்திருந்தால் டிரைவ் ஷாப்ட் ஒயில் சீல் இரண்டையும் மாற்ற வேண்டும், பிரீதர் குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கட்ட வேண்டும்.